இன்பமணி ஏலத்துக்கு வைத்த சொற்கள்

இன்பமணிக்கு நாற்பத்தாறு வயதில் சொல் பைத்தியம் பிடித்தது. அதுவரை ஒழுங்காக இருந்தாள்.

பிறந்தது நாசரேத்தில். பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் அங்கேயே. பி.காம். முடித்த கையோடு தூத்துக்குடிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கணவன் ஜெயசிங்குக்கு உப்புக் கம்பெனி எடை மேடையில் வேலை. லாரி வந்தால் எழுந்திருப்பான். லாரி போனால் தூங்குவான். இந்தப் பழக்கத்தை அவன் வீட்டுக்கும் கொண்டுவந்தான். ஒரே மகள் ஜாய்.

இன்பமணி துறைமுகச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருந்தாள். வெளிநாட்டுக் கப்பல் ஒன்று வருகிறதென்றால் அதற்கு உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும். தண்ணீர் ஏற்ற, சுங்கத்துக்குக் காகிதம் கொடுக்க, பல்வலி வந்த மாலுமியை டாக்டரிடம் கூட்டிப்போக. அந்த வேலைகளுக்கெல்லாம் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் செய்ததைக் கேப்டனுக்கு ஆங்கிலத்தில் எழுதுவது இன்பமணி.

அதை ஆங்கிலம் என்று சொல்லலாமா என்று அவளுக்கே சந்தேகம் உண்டு. கப்பல் வந்தது. கப்பல் போனது. நன்றியுடன் குறித்துக்கொண்டோம். இதிலும் பாதி எழுத்துகளை விழுங்கிவிட்டு அனுப்புவதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். அவசரத்தில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் கூவுவதுபோல் இருக்கும். இருபது வருடம் அப்படிக் கூவினாள்.

ஜாய் மேல்படிப்புக்குப் போக ஒரு பரீட்சை எழுதினாள். அதற்காக ஒரு பெட்டி நிறையச் சொல் அட்டைகள் வாங்கியிருந்தாள். முன்பக்கம் ஒரு கடினமான ஆங்கிலச் சொல், பின்பக்கம் அர்த்தம். பரீட்சை முடிந்தது. மகள் அயர்லாந்து போய்விட்டாள். பெட்டி அலமாரி மேல் இருந்தது. "அத பழைய பேப்பர்காரன்ட்ட போட்ருங்கம்மா" என்று வீடியோ காலில் சொன்னாள்.

போடுவதற்கு முன்னால் இன்பமணி ஓர் அட்டையை உருவிப் பார்த்தாள்.

டிஃபெனஸ்ட்ரேட். ஓர் ஆளை சன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிதல்.

இன்பமணி உட்கார்ந்துவிட்டாள். இதற்கு ஒரு சொல் இருக்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து, இந்தக் காரியம் மனிதர்களுக்குத் தேவைப்படும் என்று முடிவு செய்து, அதற்கென்று ஒரு சொல்லைச் செய்திருக்கிறார். ஜெயசிங் சோபாவில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். சன்னலைப் பார்த்தாள். கம்பி போட்ட சன்னல். இருந்தாலும் மனசு லேசாகிவிட்டது. பெட்டியைப் பேப்பர்காரனுக்குப் போடவில்லை.

மறுநாளிலிருந்து கைப்பையில் ஒரு கட்டு அட்டை போனது. துறைமுகத்துக்குப் போகும் பேருந்தில் சன்னலோர இருக்கை. வெளியே உப்பளம் வெள்ளையாக ஓடும். உள்ளே இன்பமணியின் உதடுகள் ஓடும். முதலில் சும்மா மனப்பாடம் செய்தாள். நிற்கவில்லை. தூத்துக்குடியில் அவளோடு பேருந்து ஏறிய சொல் துறைமுக வாசலில் இறங்கிவிடும். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். சொல்லை ஓர் ஆளோடு சேர்த்துக் கட்டினால் அது ஓடாது.

முதல் ஆள் பக்கத்து இருக்கைதான். சரண்யாதேவி, அதே ஆபீஸில் பில் போடுகிறவள்.

"லொக்வேஷியஸ்" என்றாள் இன்பமணி.

"அப்டின்னா என்னக்கா?"

"வாய் ஓயாமப் பேசுறவங்க."

"என்னயவா சொல்லுதிய?"

"நான் சொல்லல. அட்டை சொல்லுது."

சரண்யாதேவி துறைமுக வாசல் வரைக்கும் பேசாமல் வந்தாள். வாசலில் இறங்கியதும், தான் எவ்வளவு நேரம் பேசாமல் வந்தோம் என்பதைப் பற்றி ஆபீஸ் வரைக்கும் பேசினாள். அந்தச் சொல் இன்பமணிக்குச் சாகும்வரை மறக்காது.

ஆளுக்கு ஒன்று கிடைத்தது. டிக்கெட் கொடுக்காமலே முறைக்கும் கண்டக்டருக்கு ஒன்று. ஆபீஸ் வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு ஒன்று, அது நாய்க்குக் கொஞ்சம் அதிகப்படிதான். முதலாளி பாலகணேஷுக்கு மூன்று, அவருடைய மனநிலைக்குத் தகுந்தாற்போல் மாற்றிக்கொள்ள. சொற்கள் பெருகப் பெருக அவளுக்கு நடையே மாறிவிட்டது. யாரைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது. ஊர் முழுக்கப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு திரிவதுபோலவும், அந்தப் பலகை அவள் கண்ணுக்கு மட்டும் தெரிவதுபோலவும் இருந்தது.

ஆபீஸில் ஒரு நாள் கை மீறிவிட்டது. கரையில் ஒரு கிரேன் மக்கர் செய்தது. ஏற்றம் தாமதம். கேப்டனுக்கு எழுத வேண்டும். கிரேன் பழுது என்று எழுதியிருக்கலாம். இன்பமணி, இங்கே ரீகால்சிட்ரன்ட் ஆன ஒன்றினால் ஏற்றம் தாமதமாகிறது என்று எழுதினாள். சொன்ன பேச்சு கேட்காமல் முரண்டு பிடிப்பது என்று அர்த்தம். எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தாள். அழகாக இருந்தது. அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கேப்டனிடமிருந்து பதில் வந்தது. ரீகால்சிட்ரன்ட் எந்த வகை அபாயச் சரக்கு, எத்தனை டன், அதை என் கப்பலுக்குப் பக்கத்தில் வைக்க யார் அனுமதி கொடுத்தது, தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா கூடாதா.

பாலகணேஷ் தன் அறையிலிருந்து ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"மேடம், என்னத்த மேடம் ஏத்துனிய?"

"ஒண்ணும் ஏத்தல சார். கிரேனத்தான் சொன்னேன்."

"அந்த ஆளு ஆயிலு கோட்டெல்லாம் போட்டுட்டு டெக்ல நிக்காராம். தீயணைப்புக் குழாய இழுத்து வச்சிருக்காராம். சிஐஎஸ்எஃப்ல இருந்து போன் வருது."

அவரே கேப்டனுக்குப் போன் போட்டு, கிரேன் நோ வொர்க், கிரேன் நோ வொர்க் என்று கத்தினார். கேப்டனுக்கு உடனே புரிந்தது. போனை வைத்துவிட்டு பாலகணேஷ் மெதுவாகச் சொன்னார்: "இனிமே இந்த ஆபீஸ்ல நாலு எழுத்துக்கு மேல இங்கிலீஷ் வேண்டாம் மேடம். நான் கை எடுத்துக் கும்பிடுதேன்."

அவருக்காக வைத்திருந்த மூன்று சொற்களில் எதை எடுப்பது என்று அவர் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரம் முழுவதும் இன்பமணி யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஆபீஸ் கதவு அடைபட்டதும் சொற்கள் கோயிலுக்கு வந்தன. அவர்கள் கிறிஸ்தவ சபை சின்னது. துறைமுகத்துக்காரர்கள், உப்பளத்துக்காரர்கள், கடைக்காரர்கள், டீச்சர்மார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் பெண்கள் அரைமணி நேரம் நிற்பார்கள். அங்கே இன்பமணி கடை விரித்தாள். ஒரு வாரத்தில் ஒரு பெயர் பரவும், அடுத்த வாரத்தில் பிள்ளைகள் அதைச் சொல்லி ஓடும். ஜெயசிங் ஸோம்னலென்ட், எந்நேரமும் தூங்கி வழிகிறவன். பெயிண்ட் கடை நேசக்குமார் அப்ஸ்ட்ரெபரஸ், அடங்காமல் சத்தம் போடுகிறவர். அவர் காதில் அது விழவில்லை, அவர் பேசும்போது எதுவும் அவர் காதில் விழாது. பெண்கள் சங்கச் செயலாளர் ஞானசௌந்தரி வீட்டில் முந்திரி மக்ரூன் செய்து விற்பவள். முந்திரியில் கையை இழுப்பாள். அவளுக்கு பார்சிமோனியஸ். அவள் அதைக் கேட்டுவிட்டு, "கையப் புடிச்சு செலவழிக்கதுக்கு இவ்வளவு பெரிய பேரா" என்று பெருமையாகவே வீட்டுக்குப் போனாள். சபைப் போதகர் தேவபிரசாதம் ஐயருக்கு வெர்போஸ். தேவைக்கு மேல் வார்த்தை. இதை மட்டும் பெண்கள் கிசுகிசுப்பாகச் சொன்னார்கள்.

யாரோடும் கட்டாமலே நின்ற சொல் ஒன்றே ஒன்று. எபுலியன்ட். உள்ளே சந்தோஷம் கொதித்து, மூடி தாங்காமல், மேலே வந்து பொங்குவது. அட்டையைத் திருப்பிப் பார்த்த அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. குக்கர் வைக்கும்போது சொன்னாள். கொடியில் துணி போடும்போது சொன்னாள். கப்பல் ஒன்று சங்கு ஊதிவிட்டுக் கிளம்பியபோது ஆபீஸ் மாடியில் நின்று சொன்னாள். காரணம் எதுவும் இல்லாமலும் சொன்னாள், பெரும்பாலும் அப்படித்தான். ஒரு நாளைக்கு அதைச் சொல்லாவிட்டால் பல் தேய்க்காததுபோல் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் அறுப்பின் பண்டிகை வந்தது.

அறுப்பின் பண்டிகைக்கு ஒவ்வொரு குடும்பமும் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவரும். ஆராதனைக்குப் பிறகு எல்லாம் முற்றத்தில் ஏலம். கோழி, ஆடு, முருங்கைக்காய்க் கட்டு, உப்பு மூட்டை. கொடுத்தவர் தன் பொருளைத் தானே ஏலம் கேட்கக்கூடாது. கொடுத்ததைத் திருப்பி வாங்குவது சபையில் பெரிய கேவலம். இன்பமணி வருடா வருடம் மார்க்கெட்டில் ஒரு பூசணிக்காய் வாங்கி வைத்துவிட்டு வருவாள். இந்த வருடம் ஐயர் முந்தின ஞாயிறே பிரசங்கத்தில் பிடித்துக்கொண்டார். கடையில் வாங்கிய பூசணிக்காயை ஆண்டவர் கேட்கவில்லை. உங்கள் கையில் விளைந்தது எதுவோ, அதில் சிறந்தது எதுவோ, அதைக் கொண்டுவாருங்கள். இதை அவர் முக்கால் மணி நேரம் சொன்னார். பூசணிக்காய் என்று வரும்போதெல்லாம் பெண்கள் இன்பமணியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் அவள் நேரே ஐயரிடம் போனாள்.

"ஐயா, எங்க வீட்டுல செடி கிடையாது, கோழி கிடையாது. கப்பல் உண்டு, அது என்னது இல்ல."

"விளைச்சல் என்றால் நிலத்தில் விளைவது மட்டும்தான் என்று எடுத்துக்கொள்ளக்கூடாதும்மா. தைக்கத் தெரிந்தவர்கள் தைத்ததைக் கொண்டுவரலாம், முடையத் தெரிந்தவர்கள் முடைந்ததைக் கொண்டுவரலாம், சமைக்கத் தெரிந்தவர்கள்..."

அவர் இன்னும் பல தொழில்களைச் சொன்னார். இன்பமணி நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். இடைவெளி கிடைத்ததும், "வார்த்தை கொண்டு வரலாமா ஐயா?" என்றாள்.

"வசனமா?"

"இங்கிலீஷ் வார்த்தை. எனக்கு அதுதான் விளையுது."

ஐயர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி யோசித்தார். "ஏலம் எடுக்கிறவருக்கு என்ன கிடைக்கும்?"

"அந்த வார்த்தை கிடைக்கும். அடுத்த அறுப்பு வரைக்கும் அது அவருக்கு மட்டும்தான். சபையில வேற யாரும் அதச் சொல்லக்கூடாது." ஒரு வேகத்தில் இன்னொன்றையும் சேர்த்தாள்: "நானும் சொல்லக்கூடாது."

ஐயருக்கு அது பிடித்துவிட்டது. ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அட்டைகளைத் தரையில் பரப்பினாள். எடுத்தாள், வைத்தாள். ஆறு அட்டை தேறியது. அதில் எபுலியன்ட் இல்லை. விளக்கமாற்றை எடுத்து வீட்டைப் பெருக்கினாள். பெருக்கிய வீட்டையே மறுபடியும் பெருக்கினாள். சிறந்தது எதுவோ அது. ஐயர் முக்கால் மணி நேரம் சொன்னதில் இந்த ஒரு வரிதான் தொண்டையில் நின்றது.

"என்னங்க, எபுலியன்ட்ட வைக்கணுமா?"

ஜெயசிங் ஒரு கண்ணைத் திறந்தான். "வச்சா என்ன?"

"வச்சா யாராவது எடுத்துருவாங்க. ஒரு வருசம் நான் அதச் சொல்ல முடியாது."

"சொல்லாட்டி என்ன செய்யும்?"

ஒரு வருடம் சிரிக்கக்கூடாது என்று யாராவது சொன்னால் என்ன செய்யும் என்று இவனிடம் கேட்டால், தூங்கலாம்லா என்பான்.

"வைக்காத. ஐயருக்கு என்ன தெரியவா போவுது."

"எனக்குத் தெரியுமே."

"அப்ப வை" என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் அதை ஏழாவது அட்டையாக, எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தாள். அடியில் இருந்தால் அது வருவதற்குள் கூட்டம் சாப்பாட்டுக்குப் போய்விடும் என்று ஒரு நப்பாசை.

பண்டிகையன்று வெயில் நல்ல வெயில். முற்றத்தில் பந்தல். ஒரு பக்கம் அசனத்துக்கு, சபை முழுக்கச் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு, சோறும் கறியும் பெரிய பெரிய பாத்திரத்தில் வெந்துகொண்டிருந்தன. வாசனைக்குக் கூட்டம் நெளிந்தது. ஏலம் போடுவது எப்போதும் நேசக்குமார்தான். மைக் தேவையில்லாத குரல், இருந்தாலும் மைக்கைப் பிடித்துக்கொள்வார். ஆடு போனது, கோழி போனது, கருவாட்டுக் கட்டு சண்டையோடு போனது. கடைசியில் மேசை மேல் ஒரு தாம்பாளமும் அதில் ஏழு அட்டையும் மிச்சம்.

"இது என்னம்மா இன்பமணி, சீட்டுக் கட்டா? கோயில்லயா?"

ஐயர் எழுந்து விதியை விளக்கினார். விளக்கி முடித்தபோது பாதிப் பேருக்குப் புரிந்தது, மீதிப் பேருக்குப் பசித்தது.

நேசக்குமார் முதல் அட்டையை எடுத்தார். "ஸோம்னலென்ட். என்ன அர்த்தம்மா?"

"எந்நேரமும் தூங்கி வழியறது அண்ணாச்சி."

பந்தல் முழுவதும் ஒரே பக்கம் திரும்பியது. தூணில் சாய்ந்து ஜெயசிங் தூங்கிக்கொண்டிருந்தான். எடை மேடையில் அவனுக்கு மாற்று ஷிப்ட் பார்ப்பவர் அதைக் கேட்டு வாங்கினார், தனக்கும் ஒரு நாள் உதவும் என்று சொல்லி.

அடுத்தது அப்ஸ்ட்ரெபரஸ். நேசக்குமாருக்கு அந்த ஓசை பிடித்துவிட்டது. அர்த்தம் கேட்காமலே ஆரம்பித்துவிட்டார். "அப்ஸ்ட்ரெபரஸ் ஒரு தரம். யாருப்பா கேக்கிய, அப்ஸ்ட்ரெபரஸ். நல்ல சரக்கு. அப்ஸ்ட்ரெபரஸ்." அவர் குரல் தெருமுனை வரைக்கும் போனது. பந்தலில் முதலில் பெண்கள் பக்கம் குலுங்கியது. பிறகு பாடகர் குழு. பிறகு எல்லோரும்.

"ஏன் சிரிக்கிய? இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"அடங்காமச் சத்தம் போடுறது அண்ணாச்சி" என்றாள் இன்பமணி, காலைப் பார்த்துக்கொண்டு.

"அதுக்கு எதுக்குச் சிரிக்கணும்?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "அது ஒங்க சரக்குதான அண்ணாச்சி, நீங்களே எடுத்துக்கிடுங்க."

நேசக்குமார் பேசவில்லை. அவர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றதை அந்தச் சபை அன்றைக்குத்தான் பார்த்தது. ஏலம் போன கோழிகள் கூடைக்குள் கொக்கரிப்பது தெளிவாகக் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: "இத நான் எடுத்தா, அடுத்த அறுப்பு வரைக்கும் ஒரு பய இதச் சொல்லக்கூடாது. அப்படித்தான?"

"அப்படித்தான் அண்ணாச்சி."

"அப்ப நானே கேக்கேன்." அன்றைக்கு ஆட்டுக்கும் போகாத விலையை அவரே கேட்டு, அவரே மூன்று தரம் சொல்லி, அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் சபைக்குப் புத்தி வந்தது. சொல்லை எடுத்தால் சொல்லலாம் என்பது மட்டுமல்ல, பிறர் வாயை அடைக்கலாம். முதுகுக்குப் பின்னால் பெயர் வாங்கியவர்கள் எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். லொக்வேஷியஸுக்கு மூன்று பேர் கத்தினார்கள், மூன்று பேரும் தங்களைத்தான் என்று நினைத்துக்கொண்டு. டிஃபெனஸ்ட்ரேட் அர்த்தத்தைக் கேட்டதும் ஒரு புதுப்பெண் கையைத் தூக்கினாள். பக்கத்திலிருந்த புது மாப்பிள்ளை அவளைவிட அதிகம் கேட்டு, வியர்த்துக்கொண்டே எடுத்தான். பார்சிமோனியஸ் வந்தபோது ஞானசௌந்தரி எழுந்தாள். முதல் விலை கேட்டவளும் அவள்தான், வேறு யாரும் கேட்காதபோது கொஞ்சம் குறைத்துத் தரக் கூடாதா என்று கேட்டவளும் அவள்தான்.

"வெர்போஸ்" என்றார் நேசக்குமார். இப்போது அவர் உஷார். "அர்த்தத்த மொதல்ல சொல்லு."

"தேவைக்கு மேல வார்த்தை" என்றாள் இன்பமணி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மிகக் கவனமாக எதையாவது பார்த்தார்கள், பந்தலை, செருப்பை, அசனப் பாத்திரத்தை. யாருமே ஐயரைப் பார்க்கவில்லை. ஒரு கூட்டம் முழுவதும் ஒரே ஆளைப் பார்க்காமல் இருந்தால் அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும். தேவபிரசாதம் ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார்.

"நான் எடுக்கிறேன்" என்றார்.

அந்தச் சபைக்கு வந்ததிலிருந்து அவர் பேசிய மிகச் சின்ன வாக்கியம் அதுதான். பந்தல் அடக்கியிருந்த சிரிப்பு அப்போது உடைந்தது. ஐயரும் சேர்ந்து சிரித்தார். ஒரு பாட்டியம்மா சிரித்த வேகத்தில் மடியிலிருந்த முருங்கைக்காய்க் கட்டை நழுவவிட்டாள். ஜெயசிங்கும்கூட விழித்துக்கொண்டு, "எல்லாம் முடிஞ்சிட்டா?" என்று கேட்டான்.

முடியவில்லை. தாம்பாளத்தில் ஒன்று இருந்தது.

"எபுலியன்ட்" என்று வாசித்தார் நேசக்குமார். "என்ன அர்த்தம்? பாத்துச் சொல்லு."

இன்பமணி சொன்னாள். உள்ளே சந்தோஷம் கொதித்து மேலே பொங்குறது. சொல்லும்போது கை தானாக மேலே போனது, பால் பொங்குவதைக் காட்டுவதுபோல்.

யாருக்கும் இதைக் கண்டு பயமில்லை. யாரையும் இது குத்தவில்லை. அதனால் யாரும் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் சிலர் எழுந்துவிட்டார்கள். இன்பமணி எழுந்தவர்களை எண்ணினாள். யாரும் கேட்காத பொருள் கொடுத்தவரிடமே திரும்பிவிடும்.

நேசக்குமார் அட்டையைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "எபுலியன்ட் பெயிண்ட்ஸ்" என்றார். இன்னொரு தடவை, ராகமாக: "எபுலியன்ட் பெயிண்ட்ஸ் அண்ட் ஹார்டுவேர்ஸ். போர்டு மாத்தணும்னு நெனச்சிட்டே இருந்தேன். இத நான் கேக்கேன்."

கேட்டார். சின்ன விலைதான். போட்டிக்கு ஆள் இல்லை.

இன்பமணி கண்ணுக்கு போர்டு தெரிந்தது. வேன் தெரிந்தது. விளம்பர ஆட்டோ தெரு தெருவாக அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டு போவதும், அது டப்பா டப்பாவாக வழிந்து காய்ந்து கிடப்பதும் தெரிந்தன. வருடம் முடிந்தாலும் அந்தச் சொல்லை இனி எடுக்கும்போது பெயிண்ட் வாடைதான் வரும். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா" என்றாள் பக்கத்தில் வந்த ஞானசௌந்தரி. "என்ன மூஞ்சி இப்படிப் போவுது? ஒனக்கு வேணுமா அது?"

"நான் கேக்கக்கூடாது மைனி."

"நீ எதுக்குக் கேக்கணும்." ஞானசௌந்தரி நடுவே போய் நின்றாள். "பெண்கள் சங்கம் கேக்கு" என்றாள், நேசக்குமார் சொன்னதற்கு மேலே ஒரு விலை.

நேசக்குமார் ஏற்றினார். அவள் அதற்கு மேல் ஏற்றினாள். முந்திரிக்குக் கை வராதவள் இப்படி ஏற்றுவதைப் பார்த்துப் பெண்கள் பக்கம் முதலில் வாயடைத்தது, பிறகு அதற்கும் வெறி பிடித்தது. ஒருத்தி மோதிரத்தைத் திருகினாள், சும்மா ஒரு வேகத்துக்கு. இன்னொருத்தி, "விடாதிய மைனி, அடுத்த வருசம் டூர் போகாண்டாம்" என்று கத்தினாள்.

"எக்கா, ஒங்களுக்கு எதுக்கு அது?" என்றார் நேசக்குமார். "எனக்குக் கடை இருக்கு. ஒங்களுக்கு என்ன இருக்கு?"

"வாய் இருக்கு" என்றாள் ஞானசௌந்தரி.

அவர் கையை விரித்தார். "ஒரு தரம். ரெண்டு தரம்." நிறுத்தினார். "நில்லுங்க. இன்பமணி சங்கத்துல இருக்காள்லா? சங்கம் எடுத்தா அவளும் எடுத்த மாதிரிதான? கொடுத்தவ கேக்கலாமா? ஐயரே சொல்லட்டும்."

எல்லோரும் ஐயரைப் பார்த்தார்கள். இப்போது தைரியமாகப் பார்க்கலாம்.

"இந்தக் காரியத்தை நாம் பல கோணங்களிலிருந்து..." என்று ஐயர் தொடங்கினார். அவர் கையில் அவர் வாங்கிய அட்டை இருந்தது. அதைப் பார்த்தார். "கேட்கக்கூடாது" என்றார்.

பெண்கள் பக்கம் கூச்சல். நேசக்குமார் மைக்கைச் சரிசெய்தார். இன்பமணி பந்தல் காலை விட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"சங்கத்துல இருந்து எம் பேர எடுத்துருங்க. அடுத்த அறுப்பு வரைக்கும்."

"கூறுகெட்டவளே" என்றாள் ஞானசௌந்தரி. "ஒனக்காகத்தான இவ்வளவு நேரம் கத்துதேன். நீ வெளிய போயிட்டா ஒனக்கு அதச் சொல்ல முடியாதே."

"நீங்க சொல்லுங்க மைனி. நான் கேட்டுக்கிடுதேன்."

ஞானசௌந்தரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தலையில் ஒரு குட்டு வைத்தாள். "சொல்லும்வே மூணாந்தரத்த" என்றாள் நேசக்குமாரிடம். அவர் சொன்னார். பெண்கள் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை, அவருடைய குரல் தோற்றதும் அன்றைக்குத்தான்.

அசனப் பந்தியில் இலை போட்டார்கள். அந்த வருடம் பரிமாறும் முறை பெண்கள் சங்கத்துக்கு. பேரை எடுத்துவிட்டதால் இன்பமணிக்குப் பரிமாற உரிமை கிடையாது. விருந்தாளிபோல் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜெயசிங், முழு விழிப்போடு, கறி வரும் திசையைப் பார்த்தபடி.

சோற்றுக் கூடையோடு முதலில் வந்தவள் டீச்சர் ஒருத்தி. இலையில் சோற்றை வைத்துவிட்டுக் குனிந்து, காதோரமாக, "எபுலியன்ட்" என்றாள்.

இன்பமணி நிமிர்ந்தாள். அந்தச் சொல்லை இத்தனை மாதமாக அவள் தன் வாயில்தான் கேட்டிருக்கிறாள். இன்னொரு வாயிலிருந்து வந்தபோது அது வேறொரு பொருளாக இருந்தது, கொஞ்சம் கனமாக, கொஞ்சம் சூடாக. டீச்சர் போய்விட்டாள். குழம்பு வந்தது. "எபிலியண்டு." உடம்பு முழுக்கக் கூசியது. அப்படியல்ல என்று சொல்ல முடியாது, சொன்னால் சொல்லைச் சொல்ல வேண்டும். கையை ஆட்டிக் காட்டினாள், வாயைக் குவித்துக் காட்டினாள். குழம்புக்காரி புரிந்துகொண்டு மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். இப்போது இன்னும் மோசமாக வந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். குழம்பு இலையைத் தாண்டி ஓடியது.

கறி வாளியோடு வந்தவள், "எபுலியன்ட்டுக்கு இன்னொரு அகப்பை போடவா?" என்றாள். அப்பளக்காரி அதைப் பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தாள். ரசக்காரி மறந்துபோய்ப் பின்னால் திரும்பி, "அது என்னளா, எபு, எபு" என்று கேட்க, வரிசை முழுவதும் எடுத்துக்கொடுத்தது. அடுப்புப் பக்கமிருந்து ஞானசௌந்தரி கத்தினாள். பாயசம் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது.

"இன்பமணி, இத அப்படிச் சொல்லலாமா?"

சொல்லலாம். தாராளமாகச் சொல்லலாம். அட்டையின் பின்பக்கத்தில் இரண்டாவது அர்த்தமே அதுதான். இதை எப்படிக் கையால் காட்டுவது. இன்பமணி இருந்த இடத்திலேயே எழுந்துவிட்டாள், எச்சில் கையோடு, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டியதில் கொண்டை அவிழ்ந்துவிட்டது. ஜெயசிங் அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

"என்ன இங்கே விசேஷம்?" என்று கேட்டுக்கொண்டே ஐயர் வரிசைக்கு வந்தார்.

பந்தியிலும் அடுப்படியிலும் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில், ஆளுக்கொரு விதமாக, அந்த ஒரு சொல்லைச் சொன்னார்கள். சொல்லாமல் இருந்தவள் இன்பமணி மட்டும்தான். அவள் ஒரு பெரிய கவளத்தை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பில் அது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.